சாலமோனின் மயில்கள்

கொங்கு நாட்டு உழவருக்கு மயில் புதிதன்று. நொய்யற்கரைத் தோட்டங்களில் அது அகவுவதைக் கேளாத நாள் அரிது. விதைத்ததைக் கொத்தித் தின்பதால் அதன்மீது மனக்குறையும் உண்டு. அப்பறவை எபிரேய மறைநூலில் தமிழ்ப் பெயரோடு காணப்படுகிறது என்று கேட்டால் எவருக்குத்தான் உள்ளம் பூரிக்காது? ஆயினும், மறைநூலைக் கற்க விழைவோர் அப்பூரிப்போடு நின்றுவிடலாகாது.

சாலமோனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு ‘துக்கியீம்’ என்பவற்றையும் கொண்டுவந்தன என அரசர் முதல் நூல் (10:22) கூறுகிறது. இது ‘துக்கி’ என்பதன் பன்மை. இச்சொல் தமிழின் ‘தோகை’யே என்று கால்டுவெல் தமது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அந்நூல் 1856-இல் முதன்முதலாக வெளிவந்தது.

ஆனால் எபிரேய மறைநூல் முழுவதிலும் இச்சொல் வருவது ஈரிடங்களில் மட்டுமே. மற்றையது குறிப்பேடு இரண்டாம் நூலில் (9:21) இதே செய்தி மீண்டும் கூறப்படும் இடம். ஆகவே, பிற வசனங்களோடு ஒப்பிட்டுப் பொருள் காண வழியில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் நூல், அரசர் நூலின் இவ்விடத்தில் செதுக்கிய கற்களைக் குறிப்பிடுகிறதேயன்றி மயிலைக் குறிப்பிடவில்லை. புனித எரோணிமுஸ் இலத்தீனில் மயில் என்றே பெயர்த்தார். இஃது எகிப்தியச் சொல், ஒருவகைக் குரங்கைக் குறிப்பது என்பாரும் உளர். இக்கால எபிரேயத்திலோ ‘துக்கி’ என்றால் கிளி!

அங்ஙனமாயின், கப்பல்கள் நம் நாட்டிலிருந்தே சென்றன என்று துணிந்துரைக்கலாமா? நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பழந்தொழிலை வெளிப்படுத்தின. அவ்வூரின் சிறப்பு கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. சாலமோனின் காலமோ கி.மு. பத்தாம் நூற்றாண்டு. இடைப்பட்ட காலத்தை ஆசையால் நிரப்புவது ஆய்வாகாது.

சொல்லாராய்ச்சி வாசல் மட்டுமே. உள்ளே செல்ல வேண்டும். நூலாசிரியர் என்ன கூற விழைந்தார், எவ்விலக்கிய வகையில் கூறினார் என்று ஆராய வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் அறிவுறுத்தியது. அவ்வழியே இவ்வதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். பொன் குவிகிறது, வெள்ளி கற்களைப்போல் மலிகிறது, எகிப்திலிருந்து குதிரைகள் வருகின்றன. அடுத்த அதிகாரத்தில் மனைவியர் பலர். அவர்களால் அரசரின் இதயம் வழிதவறுகிறது. குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் அரசன் பெருக்கிக்கொள்ளலாகாது என்று இணைச்சட்ட நூல் (17:16-17) முன்னரே விதித்திருந்தது. புகழ்ப் பட்டியலாகத் தோன்றியது எச்சரிக்கையாகவும் ஒலிக்கிறதன்றோ?

துக்கி மயிலா, குரங்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் செல்வம் குவிந்த இல்லத்தில் இதயம் எங்கே சாய்கிறது என்ற வினா ஐயத்திற்கு இடமின்றி அங்கே நிற்கிறது. இல்லத்தில் மறைநூலை விரிப்போர், தமக்குப் பெருமை தரும் ஒரு சொல்லைத் தேடுமுன், அதிகாரம் முழுவதையும் பொறுமையோடு வாசிப்பார்களாக.