பருவமழையும் வானிலை வல்லுநர் கூட்டமும்

பருவமழை தொடங்குமுன் தெற்காசிய நாடுகளின் வானிலை வல்லுநர்கள் ஆண்டுதோறும் கூடி, வரும் பருவத்தில் மழை எவ்வாறிருக்கும் என ஆராய்கின்றனர். முதல் கூட்டம் 2010 ஏப்ரலில் புனேயில் நடைபெற்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களுக்கும் முன்னறிவிப்பு தரப்படுகிறது.

ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் கணிப்புகளைக் கொண்டு வருவர். பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் நீர் வெப்பநிலையையும் ஆராய்ந்து விவாதித்து, ஒருமித்த முடிவை வரைபடமாக வெளியிடுவர்.

இதனைப் படிக்கும் முறை வருமாறு: முந்தைய ஆண்டுகளின் மழையைக் குறைவு, இயல்பு, மிகுதி என மூன்று சம பங்காகப் பிரிப்பர். பொதுவாக ஒவ்வொன்றிற்கும் 33 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நம் பகுதிக்கு ‘மிகுதி 45 விழுக்காடு’ என்றிருந்தால், மழை அவ்வாறு மிகாமலிருக்க 55 விழுக்காடு வாய்ப்பு உள்ளது என்பதை மறத்தலாகாது.

மழை தொடங்கும் நாளையோ, இடையில் வரும் வறட்சியையோ இம்முன்னறிவிப்பு கூறாது. எனவே மானாவாரி உழவர்கள் பயிரையும் இரகத்தையும் தேர்வு செய்ய இதனைத் துணையாக மட்டும் கொள்ளவேண்டும். மிகுதி என்று அறிவித்தாலும், நிலத்தின் ஒரு பகுதியில் வறட்சியைத் தாங்கும் சோளம் அல்லது கம்பு விதைத்தல் நலம். விதைக்கும் நாளை, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.