அசைவறியும் வைஃபை அலைகள்: செயல்முறையும் தனியுரிமைச் சிக்கலும்

முன்னுரை

வைஃபை என்னும் கம்பியில்லா வலையமைப்பு தகவலைக் கடத்துவதற்காக உருவாக்கப்பட்டது. எனினும் அதே அலைகளைக் கொண்டு ஓர் அறையில் ஆள் இருப்பதையும், நடப்பதையும், விழுவதையும், மூச்சுவிடுவதையும் அறிய இயலும். அறையில் இருப்பவர் எக்கருவியையும் அணிய வேண்டியதில்லை. இம்முறையின் அடிப்படையையும் அதனால் எழும் தனியுரிமைச் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அலைகள் அசைவை உணரும் முறை

திசைவியிலிருந்து புறப்படும் அலை, சுவர், தரை, அறைகலன், மனித உடல் ஆகியவற்றில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் ஏற்பியை அடைகிறது. அவ்வாறு வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது நலிவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. எனவே உடல் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே கூட்டலையின் வீச்சும் கட்டமும் மாறுகின்றன. மூச்சுவிடும்போது நெஞ்சின் அசைவு மிகச் சிறிதே. ஆயினும் அது சீராக மீண்டும் மீண்டும் நிகழ்வதால் இரைச்சலிலிருந்து பிரித்தறியப்படுகிறது.

தொடக்ககால முறைகள் சமிக்ஞையின் மொத்த வலிமையை மட்டுமே அளந்தன. இன்றைய வைஃபை, தகவலைப் பல துணை ஊர்தி அலைகளில் பகிர்ந்து அனுப்புகிறது. அத்தகவலைப் பிழையின்றி மீட்பதற்கு, ஒவ்வொரு துணை அலையும் வழியில் அடைந்த மாற்றத்தை ஏற்பி கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்கே ‘அலைத்தட நிலைத் தகவல்’ ஆகும். தகவல்தொடர்புக்கான இத்திருத்தக் கணக்கே அசைவறிதலுக்கும் மூலமாகிறது. 2011-இல் இன்டெல் 5300 அட்டையிலிருந்து அதனைப் பெறும் மென்பொருள் வெளியானபின், எளிய கருவிகளைக் கொண்டே இவ்வாய்வு வளர்ந்தது. 2013-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாடெல் அடீப், டீனா கட்டாபி ஆகியோர், சுவர் முதலிய அசையாப் பொருள்களின் எதிரொலிப்பை நீக்கி, சுவருக்கு அப்பால் நடப்பவரின் அசைவை அறியலாம் எனக் காட்டினர்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஓர் அறையில் பயிற்றுவிக்கப்பட்ட இயந்திரக் கற்றல் மாதிரி, வேறோர் அறையில் தடுமாறும். அதே அறையில் கட்டிலை இடம்மாற்றினாலும் அதன் துல்லியம் குறையக்கூடும்.

தனியுரிமைச் சிக்கல்

ஒளிப்படக் கருவி தேவைப்படாமை இம்முறையின் சிறப்பாகக் கூறப்படுகிறது. முதியோர் குளியலறையில் விழுந்தால் அறிவதற்கு அது பொருத்தமே. ஆனால் ஒளிப்படக் கருவியைக் காணலாம், மூடலாம். அலையைக் காண இயலாது. கடவுச்சொல்லும் இங்குக் காவலாகாது. மறைகுறியாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கிறதேயன்றி, அலை அடையும் மாற்றத்தை மறைப்பதில்லை. ஆகவே கடவுச்சொல் அறியாதவரும் வெளியிலிருந்து அதனை அளக்க வாய்ப்புண்டு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் கைலோ வழக்கில், வெப்பப் படக்கருவியால் வீட்டின் உட்புறத்தைக் காவலர் ஆராய்வது சோதனையே என்றும், அதற்கு ஆணை தேவை என்றும் தீர்ப்பளித்தது. பொதுமக்களிடையே பரவலான பயன்பாட்டில் இல்லாத கருவி என்பது அத்தீர்ப்பின் நிபந்தனைகளுள் ஒன்று. வைஃபையோ வீடுதோறும் உள்ளது. அசைவறிதலுக்கான 802.11பிஎஃப் தரநிலை 2025-இல் வெளியானதால் அதன் பரவல் மேலும் எளிதாகும். கருவி பரவப் பரவ, அந்நிபந்தனை அளிக்கும் காப்பு தளர்கிறது.

முடிவுரை

வைஃபை அசைவறிதலில் அளக்கப்படுவது கருவியன்று, அறையிலுள்ள உடல். எனவே திசைவியின் உரிமையாளர் அளிக்கும் இசைவு மட்டும் போதாது. விருந்தினர், வாடகையாளர், பணியாளர் ஆகியோரின் இசைவும் கருதத்தக்கது. கருவியின் அருமையை அளவுகோலாகக் கொள்ளாமல், அறியப்படும் செய்தியின் தன்மையை அளவுகோலாகக் கொள்ளும் சட்டமே இத்தொழில்நுட்பத்திற்குப் பொருந்தும்.