உங்களுக்குத் தெரியுமா? டெக்சாஸ் மின்தடைக்கு யார் பொறுப்பு?
2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக நிறுவனங்களும் இருளில் மூழ்கின. எரிவாயு வழங்கலும் மின் நிலையக் கருவிகளும் உறைந்ததே முக்கியக் காரணம். 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மின் அதிர்வெண் 59.4-க்கும் கீழே சரிந்து 4 நிமிடம் 23 விநாடி நீடித்தது. 9 நிமிடத்தைத் தொட்டிருந்தால் மின்கட்டமைப்பு முழுவதுமே முடங்கியிருக்கும். அரசுக் கணக்கில் உயிரிழப்பு 246.

கருவிகளுக்குக் குளிர்காப்பு தேவை என்று 2011 புயலுக்குப் பிறகே பரிந்துரைக்கப்பட்டும் அது கட்டாயமாக்கப்படவில்லை. 2021-இல் மாநில மின் ஒழுங்குமுறை ஆணையர்கள் மூவரும் பதவி விலகினர். மின்கட்டமைப்பை இயக்கும் ‘எர்காட்’ அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரி நீக்கப்பட்டார். குளிர்காப்பைக் கட்டாயமாக்கிய புதிய சட்டத்தை மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். ஆனால், எர்காட்டுக்கு அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என 2023-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அதனிடம் இழப்பீடு கோரும் வழி அடைபட்டது.