உட்சுவர்ப் பூச்சு: ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை

இரு தடித்த காகிதங்களுக்கிடையே ஜிப்சத்தை வைத்துச் செய்யப்படும் ஜிப்சம் போர்டு, தகரச் சட்டங்களில் திருகப்பட்டு விரைவில் தடுப்புச் சுவராகிவிடுகிறது. எனினும், ஓதம் ஏறினால் அதன் காகிதத்தில் பூஞ்சை பிடிப்பதும், கனமான அலமாரியை விரும்பிய இடத்தில் மாட்ட முடியாமல் போவதும், கல் சுவரின் மீது நேரடியாகப் பூசும் முறைகளைப் பலர் நாடக் காரணங்களாகின்றன.

அவற்றுள் இன்று பரவலாக விற்கப்படுவது ஜிப்சம் பூச்சு. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வறுத்து, அதன் படிகத்தில் பிணைந்துள்ள நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைக்கும் மாவு, தண்ணீர் பட்டதும் அந்நீரை மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகிவிடுவதால், சிமென்ட் பூச்சைப் போல ஒரு வாரம் தண்ணீர் தெளித்து நீராற்ற வேண்டியதில்லை. ஆனால் இறுகிய ஜிப்சமும் நீரில் சிறிதளவு கரையக்கூடியது என்பதால், குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய சுவர், மழைநீர் கசியும் வெளிச்சுவரின் உட்புறம் ஆகியவற்றில் அதைப் பூசுவது தவறு. அங்கே சிமென்ட் பூச்சே பொருத்தம். விற்பவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டிய இச்செய்தியே பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது.

இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பூசுவதும் கடுந்தவறே. அப்படிப் பூசிய இடம் பார்வைக்கு மழமழவென்று இருந்தாலும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். சுவரைப் பற்றாமல் விட்ட இடத்தை விரல்முட்டியால் தட்டினால் பொள்ளல் ஒலி கேட்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணக்கூடிய சுண்ணாம்புப் பூச்சு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாக இறுகுவதோடு, ஓதத்தை வாங்கி வெளியே விடும் தன்மையும் கொண்டது. இதற்குத் தேர்ந்த கொத்தனாரும் பொறுமையும் தேவை. சரியாக நீறாத துகள்கள் பின்னர் பொங்கிப் பூச்சைப் பெயர்க்கும், ஈரச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். கலவை போடும் சித்தாளுக்குக் கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் தருவது ஒப்பந்ததாரரின் கடமை.

பூச்சில் குறை நேர்ந்தால் சட்டத்தின் துணை பெற எழுத்துச் சான்று பெரிதும் உதவும். ஜிப்சம் பூச்சு மாவுக்குரிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2547. அந்த எண்ணையும், எந்த அறைக்கு எந்தப் பூச்சு, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் செய்ய வேண்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத் தரத்தில் குறை தெரியவந்து தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். மறுத்தால் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தை நாடலாம். சொந்த வீட்டுக்கு ஒப்பந்ததாரரை அமர்த்தியவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழிவிடுகிறது. வீடு கட்டுமானம் அச்சட்டத்தின்படி ஒரு சேவையே. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிட, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. பெயர்ந்த பூச்சைச் செதுக்கிப் புதிதாகப் பூசுமுன், தேதியுடன் கூடிய படங்களையும், பூச்சு மாவின் ரசீதையும், முடிந்தால் மூட்டையின் தயாரிப்புத் தேதி தெரியும் படத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, குறையைப் பதிவு அஞ்சலில் எழுத்தாகத் தெரிவித்துவிட வேண்டும்.