பழைய றிவோல்வரும் நியாய விலையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பது உலக வழக்கு. ஆயின் விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பாராதவனை எவரும் பாராட்டுவதில்லை. பழம்பொருள் வாங்குவோர்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அவர்களுள்ளும் றிவோல்வர் எனப்படும் பழைய சுழல் துப்பாக்கியை வாங்க முற்படுவோர்க்கு அது மேலும் பொருந்தும். பழைய நாணயத்தில் ஏமாந்தவன் பணத்தை மட்டுமே இழப்பான். பழைய துப்பாக்கியில் ஏமாந்தவனோ பணத்தோடு கைவிரல்களையும் இழக்கக்கூடும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பலர் உளர். அவற்றைச் சுட்டுப் பயன்படுத்துவது இவர்களுட் பலரின் நோக்கமன்று. முத்திரை சேர்ப்போரும் ஓலைச்சுவடி சேர்ப்போரும் எந்த ஆர்வத்தினால் உந்தப்படுகின்றனரோ, அதே ஆர்வமே இவர்களையும் உந்துகிறது. ஏலச்சாலையிலே ஒரே தோற்றமுடைய இரு துப்பாக்கிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்று ஒரு வீட்டின் விலைக்குப் போகும். மற்றையது ஒரு சைக்கிளின் விலைக்குப் போகும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவனே நியாய விலையில் வாங்க வல்லவன்.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோர்க்கு மற்றவை எளிதில் விளங்கும். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் 1814ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் கோல்ட் என்பவர், 1836ஆம் ஆண்டு அமெரிக்காவிற் சுழல் துப்பாக்கிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பற்றர்சன் நகரில் அவர் தொடங்கிய முதற் தொழிற்சாலை 1842ஆம் ஆண்டளவில் நொடித்துப் போயிற்று. பின்னர் 1847ஆம் ஆண்டில், கப்டன் சாமுவேல் வோக்கர் என்னும் படை அதிகாரியின் ஆலோசனையுடன், ஏறத்தாழ நாலரை இறாத்தல் நிறையுள்ள பெரியதொரு துப்பாக்கி உருவாயிற்று. அமெரிக்க அரசாங்கம் 1,000 துப்பாக்கிகளுக்குக் கட்டளையிட்டது. பொதுமக்களுக்கெனச் செய்தவற்றையும் சேர்த்து 1,100 அளவிலேயே இவ்வகை உலகில் தோன்றியது. தோன்றியவை சில, போரிலும் பாலைநிலத்திலும் அழிந்தவை பல. ஆகவேதான் நன்னிலையில் எஞ்சிய ஒன்று 2018ஆம் ஆண்டு அமெரிக்க ஏலமொன்றில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

அக்காலத்துத் துப்பாக்கிகளில் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் குண்டையும் முன்புறமாக இட்டு இறுக்குதல் வேண்டும். உலோகத் தோட்டாவைப் பின்புறமாக இடும் முறை 1857ஆம் ஆண்டில் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியாரால் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்குரிய உரிமைப் பத்திரம் 1869ஆம் ஆண்டு காலாவதியான பின்னரே ஏனையோர்க்கு வழி திறந்தது. கோல்ட் கம்பனியின் புகழ்பெற்ற 1873ஆம் ஆண்டு மாதிரி அவ்வாறு பிறந்ததே. இது 1940ஆம் ஆண்டளவு வரை மூன்றரை இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. மீண்டும் 1956ஆம் ஆண்டில் அதே வடிவத்தில் உற்பத்தி தொடங்கிற்று. இங்கேதான் வாங்குவோனுக்கு முதற் சோதனை எழுகின்றது. வடிவம் ஒன்றே, காலமோ வேறு. காலத்தைச் சொல்வது தொடரிலக்கம். ஆகவே கண்ணைக் கவரும் அலங்காரத்தை நோக்குமுன் இலக்கத்தை நோக்குதல் வேண்டும்.

இலக்கத்தை ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு அமைதல் கூடாது. இம்மாதிரியில் உடற்சட்டத்தின் அடியிலும், விசைக்காப்பிலும், பிடியின் பின்தகட்டிலும் அதே இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். முற்காலத் துப்பாக்கிகளிற் குழலிலும் உருளையிலுங்கூட அவ்விலக்கம் காணப்படும். இவை ஒன்றுக்கொன்று மாறுபடின், இரண்டு மூன்று துப்பாக்கிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கின்றனர் என்று கொள்வதே பொது விதி. அத்தகையதன் விலை வெகுவாகக் குறையும்.

ஆனால் விதிக்கு விலக்கும் உண்டு. 1890களின் நடுப்பகுதி தொடக்கம் அமெரிக்க இராணுவம் தன்னிடமிருந்த ஏழரை அங்குலக் குழல்கள் பலவற்றை ஐந்தரை அங்குலமாகக் குறைத்துப் புதுப்பித்தது. அவ்வேளையில் உறுப்புகள் யாவும் கழற்றப்பட்டு, இலக்கத்தைப் பாராமலே மீண்டும் பூட்டப்பட்டன. சேகரிப்போர் இவற்றைப் பீரங்கிப்படை மாதிரி என வழங்குவர். இவற்றில் இலக்கம் மாறுபட்டிருத்தலே இயல்பு. எல்லா இலக்கங்களும் ஒத்திருக்கும் ஒன்றைக் கண்டால், அது மிக அரியதாயிருக்கலாம். அல்லது எவரோ பிற்காலத்தில் இலக்கம் பொறித்த போலியாகவும் இருக்கலாம். விதியை மட்டும் அறிந்தவன் இங்கே நல்லதைத் தள்ளிப் பொய்யானதைக் கொள்வான். வரலாற்றையும் அறிந்தவனே தப்புவான்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மேற்பரப்பு. பழைய எஃகின் மீது தொழிற்சாலையார் ஏற்றிய நீல மெருகு காலப்போக்கில் மங்கிப் பழுப்பாகும். அறியாதவர் அதனை அழுக்கென்றும் குறையென்றும் எண்ணுவர். விற்பவனும் அவர்களின் மனமறிந்து, பட்டையிட்டுத் தேய்த்து, புதிய நீலம் ஏற்றிக் கண்ணாடி போலாக்கி வைப்பான். உண்மையில் அவன் செய்தது பெருங்கேடு. மங்கியதாயினும் முதல் மெருகு எஞ்சியிருப்பதே சேகரிப்போர் போற்றுவது. புதுமெருகு பெற்றதன் மதிப்போ பாதிக்கும் கீழாக விழக்கூடும்.

புதுமெருகைக் கண்டுபிடித்தல் அத்துணை அரிதன்று. தேய்க்குஞ் சக்கரம் கூரிய விளிம்புகளை மழுங்கச் செய்யும். பொறித்த எழுத்துகள் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் ஆழமற்றும் தோன்றும். திருகாணித் துளைகளின் ஓரங்கள் கிண்ணம்போற் குழியும். பளபளக்கும் நீலத்தின் அடியிலே துருவரித்த சிறு பள்ளங்கள் அம்மைத்தழும்பு போலத் தெரியும். திருகாணிகளின் தலைப் பிளவுகள் சிதைந்திருப்பின், தகுதியற்ற கைகள் பல அதனைக் கழற்றியிருக்கின்றன என்பது பொருள்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஸ்பெயின் நாட்டின் எய்பார் நகரிற் செய்த மலிவுப் பிரதிகள், புகழ்பெற்ற கம்பனிகளின் துப்பாக்கிகளைத் தோற்றத்தில் ஒத்திருந்தன. 1950களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியின் கார்தோனே பகுதியிற் பழைய கோல்ட் வடிவங்கள் நேர்மையான பிரதிகளாகவே செய்யப்பட்டு வருகின்றன. அவை பிரதிகள் என்றே விற்கப்படும்வரை குற்றமில்லை. ஆனால் இத்தாலியப் பரிசோதனை முத்திரைகளை அராவி நீக்கி, அமிலமிட்டுத் துருவேற்றி, நூறாண்டுப் பழமை பூசி விற்போரும் உளர். முத்திரை இருக்க வேண்டிய இடத்திற் காரணமின்றித் தேய்ந்த பள்ளம் ஒன்று காணப்படின், அங்கேயே பேரத்தை நிறுத்துதல் நன்று.

பொறியின் நிலையையும் ஆராய்தல் வேண்டும். கையில் எடுத்தவுடன் செய்யவேண்டிய முதற் காரியம், எல்லா அறைகளும் வெறுமையாயுள்ளனவா என்று தன் கண்ணாலேயே காண்பதாகும். ‘இது வெறுந்துப்பாக்கி’ என்ற பிறர் சொல்லை நம்பி எவரும் இதில் தவறுதலாகாது. அதன் பின், உரியவரின் அனுமதி பெற்றே சுத்தியலை இழுத்துப் பார்க்கலாம். அது முழுதும் பின்வாங்கும்போது உருளை சரியான இடத்தில் வந்து அசையாது நிற்றல் வேண்டும். உருளை தள்ளாடினாலும், அறையும் குழலும் நேர்கோட்டில் அமையாவிடினும், உள்ளுறுப்புகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். குழலின் உட்புறத்தை வெளிச்சத்திற் பார்த்தால் வரிகள் தெளிவாயுள்ளனவா, துருவால் உண்ணப்பட்டனவா என்பது புலப்படும்.

பழைய துப்பாக்கியைச் சுடலாமா என்ற கேள்விக்கு, அறிந்தவர் கூறும் விடை பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதே. 19ஆம் நூற்றாண்டின் எஃகு கருமருந்தின் மென்மையான அழுத்தத்துக்கெனவே வார்க்கப்பட்டது. கோல்ட் கம்பனியார் தமது 1873ஆம் ஆண்டு மாதிரிக்குப் புகையில்லா மருந்து ஏற்றது என உறுதியளித்தது 1900ஆம் ஆண்டையொட்டியே.

இங்கிலாந்தின் வெப்ளி துப்பாக்கி இதற்கு வேறொரு பாடம் தருகின்றது. பேர்மிங்ஹாமிற் செய்யப்பட்ட அதன் ஆறாம் மாதிரி, 1915ஆம் ஆண்டு பிரித்தானியப் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் எஞ்சியவை அமெரிக்காவில் மலிவாக விற்கப்பட்டபோது, அங்கு எளிதிற் கிடைத்த .45 தானியங்கித் தோட்டா பொருந்தும்படி உருளையின் பின்புறத்தைச் சீவிவிட்டனர். அத்தோட்டாவின் அழுத்தமோ அந்தத் துப்பாக்கிக்கு விதித்த அளவுக்கு மேற்பட்டது. சீவிய உருளை சேகரிப்போனுக்கு மதிப்புக்குறைவு, சுடுவோனுக்கோ ஆபத்து. மலிவென்று வாங்கியவன் இரண்டு வகையிலும் நட்டப்படுகின்றான். முறைப்படி ஆராய்ந்து சான்று தரவல்ல துப்பாக்கிக் கொல்லரிடம் காட்டாது எப்பழைய துப்பாக்கியையும் சுடலாகாது.

இனி, மதிப்பின் உச்சநிலையைத் தீர்மானிப்பது எஃகன்று, காகிதம். பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேன், 1873ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில், இளங்கவிஞர் ரெம்போவின் மணிக்கட்டிற் சுட்ட சிறு றிவோல்வர், 2016ஆம் ஆண்டு பாரிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்கு விற்பனையாயிற்று. ஓவியர் வின்சன்ற் வான்கோ தம்மையே சுட்டுக்கொண்ட கருவி எனக் கருதப்படும் ஒன்று, வயலிற் கிடந்து முற்றாகத் துருவேறிப் பயனற்றுப்போனது. அதுவே 2019ஆம் ஆண்டில் 1,62,500 யூரோ பெற்றது. அது வான்கோவின் கையிலிருந்ததே என்பதற்கு ஐயமற்ற சான்றில்லை. இடமும் காலமும் பொருந்துகின்றன என்பதே கூற்று. பில்லி த கிட் என்னும் கொள்ளையனை 1881ஆம் ஆண்டு சுட்டு வீழ்த்திய அதிகாரி பற் கரெற்றின் கோல்ட் துப்பாக்கி, 2021ஆம் ஆண்டில் 60 இலட்சம் டொலருக்கு மேற் சென்றது. கை மாறிய வழி முழுவதற்கும் ஆவணமிருந்தமையே அதன் பலம்.

ஆனால் ஒரு பெயர் சொன்னவுடன் விலை உயர்வதனாலேயே, கதை கட்டுவோரும் பெருகுகின்றனர். ‘இன்ன தளபதி இடுப்பில் அணிந்தது’ என்று விற்பவன் கூறின், அதற்குக் கடிதம், படைப்பதிவு, பழைய ரசீது முதலியன உண்டோ என வினவுதல் வேண்டும். கோல்ட் கம்பனியார், தமது பழைய ஏடுகளிலிருந்து, குறித்த இலக்கமுடைய துப்பாக்கி எந்நாளில், எவருக்கு, என்ன குழல்நீளத்துடனும் மெருகுடனும் அனுப்பப்பட்டது என்பதைக் கட்டணம் பெற்று எழுதித் தருகின்றனர். ஸ்மித் அன்ட் வெஸன் துப்பாக்கிகளுக்கும் இத்தகைய வசதி உண்டு. நீலமென்று அனுப்பப்பட்டது நிக்கல் பூச்சுடன் முன்னே கிடப்பின், உண்மை தானே வெளிப்படும். துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே என்பது இத்துறையினர் கூறும் அறிவுரை.

சட்டத்தையும் மறத்தலாகாது. அமெரிக்கக் கூட்டாட்சியின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் எனப் பிரிக்கின்றது. எனினும் மாநிலங்கள் தத்தமக்கெனத் தனி விதிகளும் வைத்துள்ளன. பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டங்களால் கைத்துப்பாக்கி பெரும்பாலும் விலக்கப்பட்டது. பழம்பொருளாகக் காட்சிக்கு வைத்திருப்பவை முதலிய சிலவற்றுக்கு இடமுண்டு. அங்கும் 2021ஆம் ஆண்டு விதிகள் எல்லையை இறுக்கின. வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலிலிருந்து ஏழு வகைகள் நீக்கப்பட்டமையால், அதுவரை சுதந்திரமாக வைத்திருந்த சில துப்பாக்கிகளுக்கும் அனுமதிப்பத்திரம் தேவையாயிற்று. ஆகவே நேற்றுச் சட்டப்படி வாங்கியது இன்றும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளலாகாது. இலங்கையிலோ 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் பற்றிய கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பாட்டனாரின் பெட்டியில் ஒன்று கிடப்பினும், அதனைப் பொலிசாருக்கு அறிவித்தலே முறை.

இவை யாவற்றையும் ஆராய்ந்த பின்னரே விலைப்பேச்சு. விற்போர் கேட்கும் விலை சான்றாகாது. ஏலங்களில் உண்மையாகக் கொடுக்கப்பட்ட விலைகளே சான்று. அவற்றையும் அதே மாதிரி, அதே காலம், அதே நிலை என ஒத்தவற்றோடு ஒப்பிடல் வேண்டும். ஏலத்தில் வாங்குவோன், சுத்தியல் விழும் தொகைக்கு மேலாக ஏலக்காரரின் கட்டணத்தையும் கொடுக்கவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம். நூற்றுக்கு இருபது கட்டணமாயின், ஆயிரம் டொலர் என்று கேட்டது ஆயிரத்து இருநூறாகிவிடும். மனத்தில் ஓர் எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாதவன், போட்டியின் சூட்டில் அதனைத் தாண்டிவிடுவான்.

சுருங்கக் கூறின், நல்ல விலை என்பது குறைந்த விலையன்று. ஒரு பொருள் தான் எதுவென்று சொல்கின்றதோ அதுவாகவே இருக்குமாயின், அதற்குரிய விலையே நல்ல விலை. நேர்மையான தேய்வையுடைய எளிய துப்பாக்கி, பொய்ம்மெருகேறிய பகட்டுத் துப்பாக்கியிலும் மேலானது. மேலும், உயிர் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட கருவி இது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனமாகக் கிடந்து, ஒரு காலத்தின் தொழில்திறனையும் அக்காலத்து மாந்தரின் துயரையும் உள்ளவாறே எடுத்துரைப்பதே இனி அது செய்யக்கூடிய நற்பணி. அவ்வுரையில் பொய் கலவாதபடி காத்தல், வாங்குவோன் தன் பணத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே செய்யும் கடமையாகும்.