அவசரகாலக் கருத்தடை மாத்திரை: அறிய வேண்டியவை

"மாத்திரை போட்டுக்கொண்டேன் டாக்டர். மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போய்விட்டது. கருப்பைக்கு ஏதேனும் ஆகிவிட்டதா?" புறநோயாளர் பிரிவில், பெரும்பாலும் தாழ்ந்த குரலில், எழுந்து செல்லும் வேளையில் கேட்கப்படும் கேள்வி இது. இம்மாத்திரையால் கருப்பை கெடுவதில்லை. பிற்காலத்தில் கருத்தரிக்கும் திறனும் குறைவதில்லை. ஆயினும், பத்து நாள் தாமதம் என்றால் முதலில் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை.

எப்போது, எப்படி?

ஆணுறை கிழிந்தாலோ, தினசரி மாத்திரை விடுபட்டாலோ, விருப்பமின்றி உறவு நேர்ந்தாலோ, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அதன் பயன் குறைகிறது. கருமுட்டை வெளிவருவதை இது தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தரித்த கருவைக் கலைக்காது. மாத்திரைக்குப் பின் நிகழும் உறவுக்கும் இது பாதுகாப்பளிக்காது. பால்வினை நோய்களையும் தடுக்காது.

பக்கவிளைவுகள்

குமட்டல், தலைவலி, தலைச்சுற்றல், சோர்வு, மார்பகங்களில் வலி, அடிவயிற்று வலி ஆகியவை சிலருக்குத் தோன்றி ஓரிரு நாள்களில் தணியும். இடையில் சிறிது உதிரப்போக்கு ஏற்படலாம். அதனை மாதவிலக்கு எனக் கருதி நிம்மதியடைந்துவிடக் கூடாது. அடுத்த மாதவிலக்கு சில நாள்கள் முந்தியோ பிந்தியோ வரலாம். மாத்திரை உட்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், மீண்டும் ஒரு மாத்திரை தேவைப்படும்.

எப்போது மருத்துவரை அணுகுவது?

மாதவிலக்கு எதிர்பார்த்த நாளைவிட ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் கர்ப்பப் பரிசோதனை அவசியம். சில வாரங்களுக்குப் பின் கடுமையான அடிவயிற்று வலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்; அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாக இருக்கக்கூடும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமாசெபைன் உட்கொள்வோருக்கு இம்மாத்திரையின் ஆற்றல் குறையும். அவர்கள் தாம் உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். ஐந்து நாள்களுக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி இவர்களுக்கும் ஏற்றது. மாத்திரையைவிட உறுதியான பலன் தருவது.

மாதந்தோறும் இம்மாத்திரையையே நம்பியிருப்பது முறையன்று. அடிக்கடி உட்கொண்டால் மாதவிலக்கு ஒழுங்கு தவறும். பலனும் தொடர் கருத்தடை முறைகளுக்கு ஈடாகாது. உங்களுக்குப் பொருந்தும் நிலையான முறையைக் கணவன் மனைவி இருவருமாக வந்து கேட்டறியலாம்; தனியே வந்தாலும் தயக்கம் வேண்டாம். கூச்சத்தில் கழியும் மணித்துளிகளே இங்கு பேரிழப்பு.