கொழும்பு கட்டாத கடனுக்கு நீர்வேலி கட்டிய வட்டி

2022 ஏப்ரல் 12. சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வெளிநாடுகளுக்குக் கொடுக்கவேண்டிய கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை நிதி அமைச்சு அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பிறகு நாடு இப்படிக் கைவிரித்தது அதுவே முதல் தடவை. கடன் கொடுத்தவர்கள் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும், சீனா, ஜப்பான், இந்தியா முதலிய நாடுகளும். யாழ்ப்பாணத்து நீர்வேலியின் செம்மண்ணில் கதலி, இதரை வாழைகளை நட்டவர் அதில் ஒரு டொலர்கூட வாங்கியவரல்லர். ஆனாலும் இறைப்புச் செலவு, லொறிக் கூலி, வங்கி வட்டி, அடகில் கிடந்த நகை என்று அவருடைய எல்லாக் கணக்கிலும் அந்தக் கடன் வந்து உட்கார்ந்துகொண்டது.

கிணற்றடிக்கு வந்த டொலர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வாழை என்றாலும் வெங்காயம் என்றாலும் கிணற்று நீரை இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். சிறு தோட்டங்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம். 2022 ஓகஸ்ட்டில் ஒரே நாளில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. அதற்கு முன்பே, 2021 முடிவில் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவைத் தொட்டிருந்தது. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகவேண்டிய வாழைக்குலைக்கு அந்த டீசல்தான் கால்.

இதற்கெல்லாம் முக்கிய வேர்களில் ஒன்று ரூபாவின் வீழ்ச்சி. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாகிவிட்டது. பசளை நிலைமை அதற்கும் முந்தியே கெட்டிருந்தது. 2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ஷ அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. சேதன விவசாயம் என்று காரணம் சொன்னார்கள். டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் அதே காலத்தில்தான். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது, பசளை வாங்க நாட்டிடம் டொலரும் இல்லை, தோட்டக்காரரிடம் காசும் இல்லை.

வங்கிக்குள் நடந்தது

இலங்கை அரசு டொலர் கடனை வெளிநாட்டவரிடம் மட்டும் வாங்கவில்லை. இலங்கை அபிவிருத்தி முறிகளை விற்று உள்நாட்டு வங்கிகளிடமும் டொலர் வாங்கியிருந்தது. அரசு வெளியிட்ட சர்வதேசப் பிணைமுறிகளில் ஒரு பகுதியும் இந்த வங்கிகளின் கையில் இருந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெய் வாங்குவதற்காக இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் பட்ட டொலர் கடன் வேறு. அரசு கைவிரித்ததும் இவையெல்லாம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத சொத்துகளாகிவிட்டன.

அடுத்த அடி நாணயக் கடிதத்தில் விழுந்தது. இங்குள்ள வங்கியின் வாக்குறுதியை வெளிநாட்டு வங்கி நம்பினால்தான் இறக்குமதி நடக்கும். நாடே கடன் தவறியபின், அந்த நாட்டு வங்கியின் கையெழுத்தை யார் நம்புவார்? உதிரிப்பாகம், மருந்து, பொதி செய்யும் பிளாஸ்டிக் எனக் கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் “இல்லை” என்ற பதிலே வந்தது. இந்தியா கொடுத்த கடன் வசதிகளும், தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அரிசியும் பால்மாவும் மருந்தும் அந்த மாதங்களில் உயிரைப் பிடித்து வைத்தன.

மூன்றாவது அடி வட்டி. மத்திய வங்கி ஆளுநராக நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற மறுநாள், 2022 ஏப்ரல் 8 அன்று, கொள்கை வட்டி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றப்பட்டது. பணவீக்கத்தை அடக்க வேறு வழியில்லை என்பது மத்திய வங்கியின் நியாயம். அது பொய்யல்ல. அந்தச் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். ஆனால் 2021 முடிவில் முதல்தர வாடிக்கையாளருக்கு 8.6 வீதமாக இருந்த சராசரிக் கடன் வட்டி, 2022 முடிவை நெருங்கும்போது 28 வீதத்தை எட்டியது. 10 இலட்சம் ரூபா மேலதிகப்பற்று வைத்திருந்த ஒரு வியாபாரி வருடத்துக்கு 86,000 ரூபா கட்டிய இடத்தில் 2,80,000 ரூபா கட்ட வேண்டும். அதுவும் முதல்தர வாடிக்கையாளருக்கான கணக்கு. நீர்வேலிச் சந்தியில் கடை வைத்திருப்பவர் முதல்தர வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை.

வங்கிகளுக்குச் சிறு வியாபாரிக்குக் கடன் கொடுத்து அலைய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. திறைசேரி உண்டியல் வாங்கினால் 30 வீதத்துக்கு மேல் வட்டி. தனியார் துறைக் கடன் மாதக்கணக்காகச் சுருங்கியது. வங்கிகளின் வராக் கடன் பங்கு 2022 முடிவில் 11 வீதத்தைத் தாண்டியது.

உண்டியலும் அடகும்

குடாநாட்டுக்கு ஒரு தனி ஊன்றுகோல் உண்டு. கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்து வரும் காசு. ஆனால் 2021 செப்டெம்பர் முதல் டொலரின் பெறுமதியை 203 ரூபாவுக்குள் மத்திய வங்கி கட்டிவைத்திருந்தது. வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் அதைவிட அதிகம் கொடுத்தார். எவர்தான் வங்கிக்குப் போவார்? வங்கி வழியாக நாட்டுக்கு வந்த தொழிலாளர் பணம் 2020இல் 710 கோடி டொலர், 2022இல் 380 கோடி டொலர். வீட்டுக்குக் காசு வந்தது, நாட்டுக்கு டொலர் வரவில்லை. சனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. பொய்யான விலையை வைத்திருந்தது கொழும்பு.

வெளிநாட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கு மிஞ்சியது நகை. தங்க விலை ஏறியதால் பவுணுக்குக் கூடுதல் காசு கிடைத்தது. மீட்கும்போதுதான் வட்டி தெரிந்தது.

யாருக்குத் தள்ளுபடி?

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஜூன் 30 விசேட வங்கி விடுமுறை. மறுநாள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வங்கிகள் ஏற்கெனவே போதிய சுமையைத் தாங்குகின்றன என்று சொல்லி, அவற்றின் திறைசேரி முறிகளில் கை வைக்கவில்லை. தனியார் துறைத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்த முறிகளோ நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. அவற்றுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்துக்கு 45,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது.

2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறிக் கடன் மாற்றியமைக்கப்பட்டபோது, அசலில் 27 வீதம் அரசுக்குத் தள்ளுபடியாயிற்று. தவணையும் பின்போடப்பட்டது. கடன் தவறிய அரசுக்குக் காலமும் கழிவும் கிடைத்தன. கடன் தவறிய சிறு வியாபாரிக்கு? நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம் விட வழிசெய்யும் பராட்டே சட்டம், 2024இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் காணி, கட்டடம் ஈடு வைத்தவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அடகு வைத்த தாலிக்கொடிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மண்ணெண்ணெய்க்காக வாங்கிய கைமாற்றுக்கும் எந்தச் சட்டமும் வரவில்லை.

2024 முடிவில் முதல்தரக் கடன் வட்டி மீண்டும் 9 வீதத்துக்கு அருகே இறங்கியது. 2022இலும் 2023இலும் எழுதப்பட்ட கடன் பத்திரங்கள் பலவற்றில் அந்தக் காலத்து வட்டியின் சுமை இன்னும் முதலோடு சேர்ந்து கிடக்கிறது. அப்படிக் கடன் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வங்கி முகாமையாளரைச் சந்தித்து, வட்டியையும் தவணையையும் திருத்தித் தரும்படி கேளுங்கள். தனியே போவதைவிடக் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் போனால் பேச்சுக்குப் பலம் இருக்கும். கேட்பது பிச்சையல்ல. நாடு தனக்குக் கடன் கொடுத்தவர்களிடம் கேட்டு வாங்கியதும் இதைத்தான்.

2028 முதல் வெளிநாட்டுக் கடன் திருப்பிக் கட்டும் சுமை மீண்டும் கூடும். அதற்குள் தோட்டக்காரரினதும் கடைக்காரரினதும் பழைய கணக்கைத் தீர்த்து வைக்காத அரசு, அடுத்த நெருக்கடியை இப்போதே அவர்கள் தலையில் எழுதி வைக்கிறது.